2,000 பவுண்ட், 200 ஆண்டுகள்: இளைஞர்களுக்காக பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய உயில் என்ன ஆனது?

உயில் என்றால் பொதுவாக வீடு யாருக்கு, நகை யாருக்கு, நிலம் யாருக்கு என்றுதான் இருக்கும். எழுதியவர் இறந்த சில மாதங்களில், அதிகம் போனால் சில வருஷங்களில், எல்லாம் பிரிக்கப்பட்டு அந்தக் காகிதத்தின் வேலை முடிந்துவிடும். ஆனால் 1790-ல் இறந்த ஒருவர் எழுதிய உயில், 1990 வரை நடைமுறையில் இருந்தது. சரியாக 200 ஆண்டுகள்!

அதை எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் அதே முகம். பாஸ்டன் நகருக்கு 1,000 பவுண்ட், பிலடெல்பியா நகருக்கு 1,000 பவுண்ட் என மொத்தம் 2,000 பவுண்டை அவர் விட்டுச் சென்றார். அந்தப் பணம் யாருக்கு? தொழில் கற்றுக்கொண்டும் சொந்தமாகக் கடை போடக் கையில் காசில்லாத இளைஞர்களுக்கு.

இன்று இளைஞர் அமைப்புகள், கல்லூரிகள், விளையாட்டுச் சங்கங்கள் என்று பல இடங்களில் என்டோமென்ட் என்ற வார்த்தை அடிபடுகிறது. முதலைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தை வைத்து ஒரு நல்ல காரியத்தைத் தொடர்ந்து நடத்துவதுதான் அது. வாழும்போதே யோசித்து, தன் காலத்துக்குப் பிறகு யாருக்கு எவ்வளவு, எப்படிப் போகணும்னு எழுதி வைப்பது திட்டமிட்ட நன்கொடை. இந்த இரண்டும் எப்படி வேலை செய்யும், எங்கே சறுக்கும் என்பதற்கு பிராங்க்ளினின் உயிலைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

படிப்பு இரண்டு வருஷம்தான்!

1706 ஜனவரி 17-ல் பாஸ்டனில் பிறந்தார் பிராங்க்ளின். அப்பா ஜோசையா, சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். மொத்தம் 17 பிள்ளைகள். அதில் 15-வது இவர். ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி.

இவ்வளவு பெரிய குடும்பத்தில் எல்லாரையும் படிக்க வைக்க முடியுமா? பிராங்க்ளினுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு மொத்தமே இரண்டு வருஷம். 10 வயதில் அப்பாவின் கடையில் வேலை. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகும் பையன். 21 வயது வரை அங்கேயே உழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்தக் காலத்து அப்ரண்டிஸ் முறை லேசுப்பட்டது இல்லை. சாப்பாடும் இடமும் கிடைக்கும், தொழிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பாதியில் விட்டுப் போனால் சட்டப்படி குற்றம். அண்ணனோ அடிக்கவும் செய்தார். 1723-ல், 17 வயதில், யாருக்கும் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடினார் பிராங்க்ளின். நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் கையில் கொஞ்சம் சில்லறையோடு பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

லண்டனில் காத்திருந்த ஏமாற்றம்

பிலடெல்பியாவில் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்தது. பையன் கெட்டிக்காரன் என்று பெயரும் கிடைத்தது. அந்தப் பெயர், மாகாண ஆளுநர் வில்லியம் கீத் காதுவரை போனது.

சொந்தமாக அச்சகம் வைக்கத் தான் உதவுவதாக கீத் வாக்குக் கொடுத்தார். லண்டனுக்குப் போய் அச்சு இயந்திரமும் எழுத்துகளும் வாங்கி வர வேண்டும், அதற்கான கடன் கடிதங்கள் கப்பலிலேயே வந்து சேரும் என்பது ஏற்பாடு. நம்பிக் கப்பல் ஏறினார் பிராங்க்ளின். 1724 டிசம்பரில் லண்டன் போய் இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்படி ஒரு கடிதமே இல்லை!

வயது 18. ஊர் புதுசு. திரும்பிப் போகக்கூடக் காசில்லை. லண்டன் அச்சகங்களில் ஒன்றரை வருஷம் கூலி வேலை பார்த்தார். கடைசியில் தாமஸ் டென்ஹாம் என்ற வணிகர்தான் கப்பல் செலவுக்குக் கடன் கொடுத்து அவரை 1726-ல் பிலடெல்பியாவுக்கு அழைத்து வந்தார், தன் கடையிலேயே வேலையும் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் டென்ஹாம் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். சாகும் முன் வாய்மொழியாகச் சொன்ன உயிலில் இந்த இளைஞரையும் மறக்கவில்லை, ஒரு சிறு தொகையை அவருக்கு விட்டிருந்தார்.

பெரிய மனிதர் கொடுத்த வாக்கு காற்றில் போனது. சாதாரண வணிகர் யோசித்துச் செய்த உதவி கைக்கு வந்து சேர்ந்தது. இளைஞர்களுக்கான உதவி பற்றி பிராங்க்ளினுக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான்.

கேட்காமலே வந்த இரண்டு பேர்

1728-ல் ஹியூ மெரிடித் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்த அச்சகம் தொடங்கினார். மெரிடித்தின் அப்பா 200 பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அவரால் 100-தான் கொடுக்க முடிந்தது. மீதிப் பணம் வரவில்லை என்று கடன்காரர் வழக்குப் போட்டுவிட்டார். வழக்கு தோற்றால் இயந்திரம், எழுத்து எல்லாம் ஏலத்துக்குப் போகும்.

அப்போதுதான் வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரண்டு நண்பர்கள் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. பிராங்க்ளின் கேட்கவும் இல்லை. முழுத் தொகையையும் தானே தருகிறேன் என்று இருவரும் முன்வந்தார்கள். ஒருவர் மனசும் நோகக் கூடாது என்று ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டார் பிராங்க்ளின். கடன் அடைந்தது. 1730-ல் கூட்டாளி விலகிக்கொள்ள, அச்சகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. பென்சில்வேனியா கெஜட் பத்திரிகை, வருஷா வருஷம் விற்றுத் தீர்ந்த பஞ்சாங்கம் எனத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. 42 வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வு பெறும் அளவுக்கு வசதி வந்துவிட்டது. மின்னல் ஆராய்ச்சி, அரசியல், பிரான்ஸ் தூதர் பதவி எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. ஆனால் அந்த இரண்டு பேர் சரியான நேரத்தில் கைகொடுக்கவில்லை என்றால் இதில் எதுவுமே நடந்திருக்காது. இதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அவருடைய உயிலிலேயே அது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை கூடிய இளைஞர் சங்கம்

அந்த இரண்டு நண்பர்களும் வந்தது எங்கிருந்து? பிராங்க்ளின் 1727-ல், 21 வயதில் தொடங்கிய ஜன்டோ என்ற சங்கத்திலிருந்து.

ஆரம்பத்தில் 12 பேர்தான். கண்ணாடி வேலை செய்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், குமாஸ்தா, அச்சகத் தொழிலாளி என்று பெரும்பாலும் கைத்தொழில் செய்யும் இளைஞர்கள். வெள்ளிக்கிழமை மாலை கூடுவார்கள். படித்தது, கேட்டது, தொழிலில் நடந்தது எல்லாவற்றையும் பேசுவார்கள்.

கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒரு கேள்வி முக்கியமானது. சமீபத்தில் புதிதாகத் தொழில் தொடங்கிய தகுதியான இளைஞர் யாராவது இருக்கிறாரா, அவருக்கு இந்தச் சங்கம் எந்த வகையில் கைகொடுக்கலாம் என்பதுதான் அது. பிராங்க்ளின் 60 வருஷம் கழித்து எழுதிய உயில், ஒரு வகையில் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

நன்கொடை திரட்டுவதில் கில்லாடி

கேட்டவுடன் காசு கொடுத்துவிடுவது நல்ல மனசு. ஆனால் அந்தக் காசு தொடர்ந்து வர வழி செய்வது தனித் திறமை. அதில் பிராங்க்ளின் பல வழிகளைக் கண்டுபிடித்தார்.

1731-ல் நூலகம் தொடங்கினார். 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலாகப் போட வேண்டும், பிறகு வருஷத்துக்கு 10 ஷில்லிங் கட்ட வேண்டும். முதல் ஒரு பக்கம், நடப்புச் செலவு ஒரு பக்கம் என்று அன்றே பிரித்துவிட்டார்.

1749-ல் இளைஞர்களுக்கான கல்விக்கூடத்துக்கு நிதி திரட்டியபோது, ஒரே தடவையில் கேட்டால் ஜனங்கள் தயங்குவார்கள் என்று ஐந்து வருஷத் தவணையாகப் பிரித்து வாங்கினார். அந்தக் கல்விக்கூடம்தான் பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

1751-ல் மருத்துவமனை. பொதுமக்களிடம் 2,000 பவுண்ட் திரட்டிக் காட்டினால் அரசு இன்னொரு 2,000 பவுண்ட் தர வேண்டும் என்று சட்டமன்றத்தில் ஏற்பாடு செய்தார். அவ்வளவு பணம் எங்கே சேரப்போகிறது என்று நினைத்த உறுப்பினர்களும் ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டார்கள். தன் காசு இரட்டிப்பாகும் என்றவுடன் மக்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். தொகை சேர்ந்துவிட்டது! நீங்கள் ஒரு பங்கு போட்டால் நாங்கள் ஒரு பங்கு போடுகிறோம் என்று இன்று நன்கொடை அமைப்புகள் செய்வதெல்லாம் இதே வழிதான்.

உயிலில் என்ன எழுதினார்?

1788-ல் பிராங்க்ளின் எழுதிய உயிலில், ஸ்கூல்கில் ஆற்றைப் படகு போகும்படி சீரமைக்க 2,000 பவுண்ட் ஒதுக்கியிருந்தார். அப்புறம் யோசித்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய வேலைக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு? 1789 ஜூன் மாதம் உயிலோடு ஓர் இணைப்பைச் சேர்த்து, அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தார். சின்னத் தொகையால் பெரிய பலன் கிடைக்கும் இடம் எது என்று தேடி, அதை இளைஞர்கள் பக்கம் திருப்பினார்.

இந்தப் பணமும் சும்மா வந்தது இல்லை. 1785 முதல் 1788 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் தலைவராக இருந்தபோது அவருக்குக் கிடைத்த சம்பளம் அது. மக்களாட்சியில் பதவி என்பது லாபம் பார்க்கும் இடமாக இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் அந்தச் சம்பளத்தைப் பொதுக் காரியத்துக்கே திருப்பிவிட்டார்.

விதிகள் மிகத் தெளிவானவை:

- கடன் வாங்குபவர் 25 வயதுக்குள் இருக்கும், திருமணமான கைத்தொழிலாளியாக இருக்க வேண்டும்.
- அந்த ஊரிலேயே அப்ரண்டிஸ் காலத்தை ஒழுங்காக முடித்திருக்க வேண்டும்.
- ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் அவருடைய நடத்தைக்குச் சான்று கொடுத்து, கடனுக்கும் ஜாமீன் நிற்க வேண்டும்.
- ஒருவருக்குக் குறைந்தது 15 பவுண்ட், அதிகபட்சம் 60 பவுண்ட்.
- வட்டி வருஷத்துக்கு 5 சதவீதம். முதலில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் திருப்பிக் கட்ட வேண்டும்.

திரும்பி வரும் பணம் அடுத்த இளைஞருக்குக் கடனாகப் போகும். நிதியைக் கவனிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

ஏன் ஜாமீனுக்கு இரண்டு பேர்? கோல்மன், கிரேஸ் கதையை நினைத்துப் பார்த்தால் புரியும். தனக்கு அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த இரண்டு நண்பர்களை, மற்ற இளைஞர்களுக்கு விதியாகவே எழுதி வைத்துவிட்டார் பிராங்க்ளின். ஆனால் அப்படி இரண்டு பேர் கிடைக்காத இளைஞர் என்ன செய்வார்? அதற்கு உயிலில் வழி இல்லை.

கூட்டு வட்டிக் கணக்கு

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? பிரான்ஸைச் சேர்ந்த மாத்தோன் டி லா கூர் என்பவர் 1785-ல் ஒரு கற்பனை உயிலை எழுதி வெளியிட்டிருந்தார். ரிக்கார் என்ற பாத்திரம் 500 லிவர் பணத்தை ஐந்து பங்காகப் பிரித்து, 100, 200 என்று 500 ஆண்டுகள் வரை வட்டியில் வளரவிட்டு, அதில் உலகத்தையே மாற்றப்போவதாகக் கிண்டலும் கனவும் கலந்து போகும் கதை அது. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பிராங்க்ளினோ நல்ல யோசனையாக இருக்கிறதே என்று ஆசிரியருக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். உயிலிலும் அதே வழியைச் சேர்த்துக்கொண்டார்.

கணக்கு இதுதான். 1,000 பவுண்ட் 5 சதவீதக் கூட்டு வட்டியில் 100 வருஷம் வளர்ந்தால் சுமார் 1,31,000 பவுண்ட் ஆகும். அதில் 1,00,000 பவுண்டை அந்தந்த நகரத்தின் பொதுப் பணிகளுக்குச் செலவு செய்யலாம். மீதி 31,000 பவுண்ட் மறுபடியும் 100 வருஷம் இளைஞர்களுக்குக் கடனாகப் போக வேண்டும். 200-வது வருஷ முடிவில் அது 40,61,000 பவுண்ட் ஆகியிருக்கும். அதில் 10,61,000 பவுண்ட் நகரத்துக்கு, 30,00,000 பவுண்ட் மாநிலத்துக்கு. அதற்குமேல் தன் கை நீளக் கூடாது என்று அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1790 ஏப்ரல் 17-ல், 84 வயதில் பிராங்க்ளின் இறந்தார். அவருடைய மற்ற கொடைகளும் ஒவ்வொரு விதமாகப் போயின. பாஸ்டன் இலவசப் பள்ளிகளுக்கு அவர் விட்ட 100 பவுண்டின் வட்டியில், நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் மருத்துவமனைக்கு அவர் எழுதி வைத்தது, பலர் தனக்குத் தர வேண்டிய பழைய பாக்கிகளை. வசூலாகாத கடனை வைத்து மருத்துவமனை என்ன செய்யும்? அந்தக் கொடையால் அவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. கொடுக்கும் பொருள் காசாக மாறுமா என்று பார்த்துக் கொடுக்கணும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

எங்கே சிக்கல் வந்தது?

1791-ல் இரண்டு நகரங்களிலும் நிதி செயல்படத் தொடங்கியது. ஆரம்பத்தில் ஓரளவு கடன்கள் போயின. ஆனால் போகப்போக ஆள் வரத்து குறைந்தது. காரணம், உலகம் மாறிவிட்டது.

தொழிற்சாலைகள் வந்தன. ஒரு குருவிடம் வருஷக்கணக்கில் தொழில் பழகி, பிறகு தனிக் கடை போடும் பழைய அப்ரண்டிஸ் முறையே தேய்ந்துபோனது. இளைஞர்கள் கடை போடுவதற்குப் பதில் ஆலைக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். 25 வயதுக்குள் கல்யாணமும் ஆகி, அப்ரண்டிஸ் காலமும் முடித்து, ஜாமீனுக்கு இரண்டு பேரும் உள்ளவரைத் தேட வேண்டியிருந்தது. சிலர் கடனைக் கட்டாமல் போக, ஜாமீன் நின்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் கையெழுத்துப் போடவே பயந்தார்கள்.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. 18-ம் நூற்றாண்டுக் கைத்தொழில் உலகத்தை மனதில் வைத்து எழுதிய விதிகளில், வேலை பார்க்கும் பெண்களுக்கு இடமே இல்லை. ஒரே காலத்தை மட்டும் பார்த்து எழுதும் விதி, அடுத்த காலத்தில் யாரையெல்லாம் வெளியே தள்ளும் என்பதற்கு இது சாட்சி.

இரண்டு நகரங்களும் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாண்டன. பாஸ்டன் நிர்வாகிகள் பணத்தில் பெரும்பகுதியை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முதலீடு செய்துவிட்டார்கள். ரிஸ்க் இல்லை, வட்டி கூடிக்கொண்டே போனது. ஆனால் கடன் வாங்கும் இளைஞர்கள் குறைந்தார்கள். பிலடெல்பியாவிலோ நிர்வாகம் அவ்வளவு கச்சிதமாக இல்லை, வசூலும் சரியில்லை. பணம் மெதுவாகத்தான் வளர்ந்தது.

100-வது வருஷம்: யார் கையில் எவ்வளவு?

முதல் நூற்றாண்டு முடிந்தபோது பாஸ்டன் நிதி சுமார் 3,90,000 டாலராக நின்றது. பிலடெல்பியாவில் அதைவிட மிகக் குறைவு. இரண்டு இடங்களிலும் பிராங்க்ளின் போட்ட கணக்கை எட்டவில்லை. பணத்தைத் தங்களுக்கே தர வேண்டும் என்று அவருடைய வாரிசுகள் சிலர் பிலடெல்பியாவில் நீதிமன்றம் போனார்கள். பலிக்கவில்லை.

உயிலில் சொன்ன பொதுப் பணிகளும் பழசாகியிருந்தன. உதாரணமாக, பிலடெல்பியாவுக்குக் குழாய் மூலம் குடிநீர் கொண்டுவர வேண்டும் என்று பிராங்க்ளின் எழுதியிருந்தார். ஆனால் அதற்கு முன்பே நகரத்துக்குத் தண்ணீர் வசதி வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது?

பாஸ்டன் பல வருஷம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தது. கைத்தொழில் இளைஞர்களுக்கு உதவுவதுதான் அவருடைய நோக்கம் என்றால், அவர்களுக்கான தொழிற்கல்விக்கூடம் கட்டலாமே! இதைக் கேள்விப்பட்ட எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, பிராங்க்ளின் நிதிக்கு ஈடாகத் தானும் பணம் தர முன்வந்தார். நிலத்தை நகரம் கொடுத்தது. 1908-ல் பிராங்க்ளின் யூனியன் என்ற பெயரில் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்காக பிராங்க்ளின் கையாண்ட அதே பங்குக்குப் பங்கு வழி, அவர் இறந்து நூறு வருஷம் தாண்டி அவருடைய பணத்துக்கே பலன் கொடுத்தது.

பிலடெல்பியா தன் முதல் நூற்றாண்டுப் பணத்தை பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் கட்டடத்துக்குக் கொடுத்தது. 1934-ல் அது அறிவியல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

1990: கடைசிக் கணக்கு

இரண்டாவது நூற்றாண்டில் பிலடெல்பியா தன் பணத்தில் பெரும்பகுதியை வீடு வாங்குபவர்களுக்குக் கடனாகக் கொடுத்து வந்தது. பாஸ்டனில் முதலீடே முக்கியமாக இருந்தது. 1990-ல் கணக்கை முடித்தபோது பாஸ்டன் நிதியில் சுமார் 45 லட்சம் டாலரும், பிலடெல்பியா நிதியில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் பாஸ்டன் ஜெயித்துவிட்டது. இரு மடங்குக்கும் மேல்! ஆனால் பிராங்க்ளின் வைத்த போட்டி அதுவா?

அவர் கேட்டது பணத்தை வளர்க்க மட்டும் இல்லை. அந்தப் பணம் சாதாரண மனிதர்களின் கைகளில் சுற்றிச் சுற்றி வரணும் என்பதுதான் உயிலின் உயிர். அந்த வகையில் பார்த்தால், கையில் குறைவாக வைத்திருந்த பிலடெல்பியாதான் அதிகம் பேரைத் தொட்டிருக்கிறது. ஆனால் அவர்களும் தொழில் தொடங்கும் இளைஞர்களை விட்டு வீட்டுக் கடனுக்குப் போனவர்கள்தான். பாஸ்டன் நீண்ட காலம் இளைஞர்களை மறந்து பெட்டியை நிரப்பியது. ஆனால் நிரம்பிய பெட்டியை ஒரு தொழிற்கல்விக்கூடமாக மாற்றியதால், தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் அதில் படித்து வெளியே வந்தார்கள்.

நிரந்தர நிதி வைத்திருக்கும் எந்த அமைப்புக்கும் இந்தச் சிக்கல் உண்டு. முதலைக் காப்பாற்றும் வேகத்தில், யாருக்காக முதல் போட்டார்களோ அவர்களை மறந்துவிடலாம். உதவும் வேகத்தில் முதலையே கரைத்துவிடலாம். பிராங்க்ளினின் இரண்டு நகரங்களும் ஆளுக்கொரு பக்கம் சறுக்கின.

1990-க்குப் பிறகு பிலடெல்பியா நகரம் தன் பங்கை, பள்ளி முடித்துக் கைத்தொழிலும் தொழில்நுட்பமும் படிக்கப் போகும் இளைஞர்களுக்கு உதவித்தொகையாக மாற்றியது. பாஸ்டனில் பணம் யாருக்கு என்று நீண்ட இழுபறி நடந்து, கடைசியில் அந்தத் தொழிற்கல்விக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆக, 200 வருஷம் சுற்றி வந்து இரண்டு நகரங்களும் தொழில் கற்கும் இளைஞர்களிடமே வந்து நின்றன.

நன்கொடையாளர்களுக்கு என்ன பாடம்?

முதலாவது, பெரிய தொகை இருந்தால்தான் நிரந்தர நிதி வைக்க முடியும் என்பது இல்லை. பிராங்க்ளின் கொடுத்தது ஒரு பதவிக்கால சம்பளம்தான். தொகைக்கு ஏற்ற காரியத்தைத் தேர்ந்தெடுத்ததும், காலத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதும்தான் அவருடைய புத்திசாலித்தனம்.

இரண்டாவது, நோக்கத்தைத் தெளிவாக எழுதணும், வழிமுறையைத் தளர்வாக விடணும். பிராங்க்ளின் வழிமுறையையும் கல்லில் செதுக்கிவிட்டார். வயது, கல்யாணம், அப்ரண்டிஸ் என்று அவர் போட்ட விதிகள் முதல் நூற்றாண்டிலேயே செத்துவிட்டன. உழைக்கும் இளைஞருக்குத் தொடக்கத்தில் ஒரு கை வேண்டும் என்ற நோக்கம் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

மூன்றாவது, நிதியை ஆள்பவர்களை யாராவது அவ்வப்போது கேள்வி கேட்கணும். எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் இல்லை, எத்தனை பேருக்குப் போனது என்றும்.

பாஸ்டனின் அந்தக் கல்விக்கூடம் இன்றும் நடக்கிறது. 2021-ல் கம்மிங்ஸ் அறக்கட்டளை அதற்கு 1.25 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டு கல்விக்கூடத்தின் பெயரில் பிராங்க்ளினோடு கம்மிங்ஸ் பெயரும் சேர்ந்தது. வண்டிப் பழுது, மின்சாரம், கட்டுமானம் என்று தொழில் படிக்க இன்றும் மாணவர்கள் அங்கே வருகிறார்கள். பிராங்க்ளினின் விதிகளில் இடமே இல்லாத இளம்பெண்களும் இப்போது அந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.